தும்மலுக்கு முன் எடுத்த படம்

எங்கள் சனிக்கிழமை நாடகக் குழுவுக்கு இணையத்தில் பணம் சேர்த்தபோது, அந்தப் பக்கத்தின் முகப்பில் இருந்தது என் முகம். அதைப் பார்த்து லண்டனிலும் பாரிசிலும் மெல்பேர்னிலும் இருக்கிற உறவினர்கள் கண் கலங்கினார்கள். சிலர் பணம் அனுப்பினார்கள், சிலர் புத்திமதி அனுப்பினார்கள். புத்திமதிதான் கூடுதலாக வந்தது. அந்தப் படத்தில் நான் துக்கத்தில் இருக்கவில்லை, ஒரு தும்மலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் அவர்களில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

ஆனால் துக்கம் இல்லாமலும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் சண்டிலிப்பாயில் இருக்கிறேன். தபால் கந்தோரில் வேலை பார்த்து, உபதபாலதிபராக ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற முதல் மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன. காலையில் அவசரமில்லாமல் தேத்தண்ணி குடித்தேன், மத்தியானம் படுத்தேன். பிறகு மத்தியான நித்திரை போயிற்று. கொஞ்ச நாளில் இரவு நித்திரையும் அதன் பின்னால் போய்விட்டது. ஒரு நாள் மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்தது. காரணம் எதுவும் இல்லை. கத்தரிக்காயிலும் பிழை இல்லை. கண்ணீர் நிற்காமல் ஓடியது. கடைக்காரி பயந்துபோனாள்.

“அக்கா, விலை கூடவெண்டால் குறைச்சுத் தாறன், அழாதையுங்கோ” என்றாள். உண்மையாகவே குறைத்துத் தந்தாள்.

வீட்டுக்கு வந்து இதை என் கணவரிடம் சொன்னேன். இவர் தோட்டக்காரர். கரட்டும் பீற்றூட்டும் வெங்காயமும் வைப்பார். கதை குறைவு. கத்தரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீர் ஒருக்கா டொக்டரிட்டைப் போனால் என்ன?” என்றார். அடுத்த நாளே மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் மனநலக் கிளினிக்குக்கு எழுதித் தந்தார். அங்கே குளிசை தந்தார்கள். கூடவே ஒரு தாதி, “உங்கடை ஊர்ப் பக்கத்திலை சனிக்கிழமையில நாடகக் குழு ஒண்டு நடக்குது, போய்ப் பாருங்கோவன்” என்றார்.

ஊரில் எல்லோரிடமும் எனக்குப் பிரஷர் என்று சொன்னோம். பிரஷர் என்றால் எங்கள் ஊரில் ஒருவரும் மேலே கேட்கமாட்டார்கள், எல்லோரிடமும் அது இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மச்சாள் மட்டும் கேட்டார். இவருடைய தமக்கை அவர். என் வீட்டுப் படலை திறக்கிற சத்தத்தை வைத்தே ஆர் போகிறார், என்னத்துக்குப் போகிறார் என்று சொல்லிவிடுவார்.

“சனிக்கிழமையெண்டால் வெளிக்கிட்டு எங்கை போறீர்?”

“யோகாவுக்கு, மச்சாள்.”

“நல்லது. உம்மடை இடுப்புக்கு ஏதாவது செய்யத்தான் வேணும்” என்றார்.

நாடகக் குழு சனசமூக நிலையத்தின் பின்பக்க மண்டபத்தில் நடந்தது. நடத்தினவர் ஒரு நாடக ரீச்சர். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர். பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கற்பிக்கிறவர். உளவள ஆலோசகர் ஒருவர் பஸ் ஏறி வந்து எங்களுடன் இருப்பார். ஓட்டோ ஓட்டுகிற ஒரு அண்ணை வந்தார். மாதகலில் இருந்து, கடலுக்குப் போக மனம் வராமல் வீட்டோடு இருந்த ஒருவர் வந்தார். குழந்தை பிறந்த பிறகு ஆரோடும் கதைக்காமல் இருந்த ஒரு இளம் தாய் வந்தாள். அப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு பேர்.

அழச் சொல்வார்கள் என்று நினைத்து நான் கைலேஞ்சி இரண்டு கொண்டுபோயிருந்தேன். ரீச்சர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. “உங்களுக்குக் கோவம் வரப்பண்ணுற ஆள் எப்பிடி நடப்பாரோ, அப்பிடி நடந்து காட்டுங்கோ” என்றார். நான் மச்சாளைப் போல நடந்தேன். கையை இடுப்பில் வைத்து, கழுத்தை நீட்டி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு மண்டபத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மாதகல்காரர் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். அவர் சிரித்து மாதக்கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். மச்சாளுக்கு நான் பட்ட முதல் நன்றிக்கடன் அது.

அப்படியே ஒரு வருடம் போயிருக்கும். அதுவரை ஆலோசகருக்குச் சம்பளம் கொடுத்த திட்டம் முடிந்துவிட்டது. மழைக்கு மண்டபக் கூரை ஒழுகியது. நாங்கள் ஒரு நாடகம் தயார் செய்து, அதை ஊர் ஊராகக் கொண்டுபோக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தோம். எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். ரீச்சர், “ஒன்லைனிலை கேப்பம். இப்ப உலகம் முழுக்க உப்பிடித்தானே சேர்க்கினம்” என்றார்.

சனசமூக நிலையத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவருக்குப் பணம் சேர்ப்பதில் ஆட்சேபம் இல்லை, ‘மனநலம்’ என்ற சொல்லில்தான் ஆட்சேபம்.

“உப்பிடி எழுதினால் ஊரிலை ஒருத்தரும் உள்ளுக்கு வராயினம் பிள்ளை. ‘மனமகிழ்வு’ எண்டு போடுங்கோ.”

“மகிழ்வா இருக்கிற ஆக்கள் என்னத்துக்கு சேர் காசு கேக்கினம் எண்டு நினைப்பினமே” என்றார் ரீச்சர்.

அதிபர் யோசித்துப் பார்த்து, அப்படியென்றால் அந்தச் சொல்லைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னார். ரீச்சர் தலையாட்டிவிட்டுப் பெரிய எழுத்தில் போட்டார்.

படம் எடுத்த நாளில் நாங்கள் மண்டபத்தைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தோம். பழைய பாயொன்றை நான் உதறினேன், தூசி மூக்குக்குள் போய்விட்டது. தும்மல் வருகிறது, வருகிறது, ஆனால் வரவில்லை. முகத்தை மேலே தூக்கி, கண்ணைப் பாதி மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து நான் நின்ற அந்தக் கணத்தில் ரீச்சர் கைத்தொலைபேசியைத் தூக்கியிருக்கிறார்.

“அன்ரி, உங்கடை படத்தைப் போடலாமோ? உங்கடை கண்ணிலை அப்பிடியொரு ஏக்கம்.”

அது தும்மல் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என் கண்ணில் ஏக்கம் இருக்கிறது என்று கலியாணம் கட்டின நாள் தொட்டு ஒருவரும் சொன்னதில்லை.

“ஆர் பாக்கப் போயினம்?” என்று கேட்டேன்.

“எங்களைத் தெரிஞ்ச கொஞ்சப் பேர்தான்.”

“அப்ப போடும் பிள்ளை.”

அவர் படத்தின் கீழே ‘நித்திரையைத் தொலைத்த ஒரு தாய்’ என்று எழுதிப் போட்டார். எங்களைத் தெரிந்த கொஞ்சப் பேர் பூமியின் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் இருந்து தொலைபேசி ஓயவில்லை. மெல்பேர்னில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அண்ணை, உடம்பில் உப்புக் குறைந்தால் இப்படித்தான் வரும் என்றார். லண்டனில் இருக்கிற சித்தப்பாவின் மகன் தினமும் ஊற வைத்த பாதாம் சாப்பிடச் சொன்னான். பாதாம் அனுப்பவில்லை. பாரிசில் இருந்து சின்னம்மாவின் மகள் எடுத்தாள்.

“அக்கா, உங்களுக்கு என்ன குறை? வீடிருக்கு, வளவிருக்கு, பென்சன் வருது.”

“ஒரு குறையும் இல்லை.”

“பிறகேன்?”

“அதுதான் எனக்கும் தெரியேல்லை.”

 பிறகு தன் முழங்கால் நோவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அதிலிருந்து அவளுடைய வேலை, வேலையிலிருந்து மகன் தன்னோடு பிரெஞ்சில் மட்டும் கதைப்பது என்று போய்க்கொண்டே இருந்தது. நான் வைத்த சோறு அடிப்பிடித்துவிட்டது.

பணமும் வந்தது, ஆனால் சும்மா வரவில்லை. ஒருவர் மத்தளம் வாங்கத் தந்து, அதில் தகப்பனாரின் பெயரை எழுதச் சொன்னார். மத்தளத்தில் பெயர் எழுத வழியில்லை என்றதும், துணியில் உறை தைத்து அதில் எழுதச் சொன்னார். இப்போது எங்களிடம் மத்தளத்தைவிட வடிவான உறை இருக்கிறது. கூரைக்குத் தந்தவர், புதுத் தகரத்தை மேலிருந்து படம் எடுத்து அனுப்பும்படி கேட்டார். ஓட்டோ அண்ணை பக்கத்து வளவுத் தென்னையில் ஏறித்தான் அந்தப் படத்தை எடுத்தார். ஜேர்மனியில் இருந்து இன்னொருவர், நாடகத்தில் கெட்ட வார்த்தை வராது என்று உறுதி தந்தால் அனுப்புவதாக எழுதினார். ரீச்சர் உறுதி தந்தார். அதற்குப் பிறகு எங்களில் ஆருக்காவது ஒத்திகையில் கோவம் வந்தால், “கவனம், ஜேர்மன்காரர் காசைத் திருப்பிக் கேப்பார்” என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

ஊருக்குள்ளும் சும்மா இருக்கவில்லை. காசு தர வசதியில்லாதவர்கள் வெங்காயம் தந்தார்கள், அதைச் சந்தையில் விற்றோம். தையல்கடைக்காரி திரைச்சீலை தைத்துத் தந்தாள். கலியாண வீட்டு மணவறையில் மிஞ்சின துணி அது. அதனால் எங்கள் கவலையான நாடகத்துக்குச் சரிகை வைத்த சிவப்புத் திரை கிடைத்தது.

மச்சாள் உளுத்தங்கஞ்சியோடு வந்தார். மெல்பேர்ன் அண்ணை அவருக்கும் படத்தை அனுப்பியிருந்தார்.

“உது யோகாவே?” என்றார்.

நான் கஞ்சியைக் குடித்தேன். மச்சாள் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, “என்னட்டைச் சொல்லியிருக்கலாம். நான் ஆருக்குச் சொல்லப் போறன்” என்றார். அவர் ஆருக்கெல்லாம் சொல்லுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன்.

இவரிடமும் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் வந்திருக்கு” என்றார். “தும்மினனீரோ பிறகு?”

உலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் விளங்கியது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. என் மகள் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். அந்த நேரம் அவளுக்கு ரொறன்ரோவில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தோம். சாதகம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் இல்லை, தாயும் மகனும்தான். படம் வெளியில் வந்த அந்த வாரமே தரகர் தொலைபேசியில் அழைத்தார்.

“அக்கா, உந்தப் படத்தைக் கழட்டி விடுங்கோ. அவையள் கண்டால் என்ன நினைப்பினம்? தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் எண்டு ஒரு கதை கிளம்பினால் பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது.”

 என்னைப் பற்றி என்ன சொன்னாலும் பொறுக்கலாம். மகளிடம் சொன்னபோது அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். “உதுக்காக வேண்டாமெண்டு போற ஆக்கள் போகட்டும் அம்மா. இப்பவே தெரிஞ்சால் நல்லதுதானே” என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படிச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நான் அன்று பின்னேரமே ரீச்சரின் வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைக் கேட்ட உடனே அவர் கைத்தொலைபேசியை எடுத்தார். “இப்பவே எடுத்து விடுறன் அன்ரி. நீங்கள் சொன்னால் ஒரு நிமிசம் வேண்டாம்.” பிறகு, வற்புறுத்தாமல், படத்தின் கீழே சனம் எழுதியிருந்ததைக் காட்டினார். ‘என் அம்மாவும் இப்படித்தான் இருந்தா’, ‘எனக்கும் நித்திரை இல்லை’ என்று, நான் ஒருநாளும் கண்டிராத ஆட்கள் எழுதியிருந்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எல்லாவற்றையும் வாசித்தேன். எடுக்கச் சொல்லவும் மனமில்லை, விடச் சொல்லவும் துணிவில்லை.

“நாளைக்குச் சொல்லுறன் பிள்ளை” என்று எழும்பினேன். வாசலுக்குப் போய்த் திரும்பி, “விடுறதெண்டால், தலைமயிர் ஒழுங்கா வாரியிழுத்த படமொண்டு இருக்கோ எண்டும் ஒருக்காப் பாரும்” என்றேன்.

ஆனால் நாளைக்கு முன்னமே ரொறன்ரோவில் இருந்து அழைப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய், அதுவும் வாட்ஸ்அப்பில், முகம் தெரியும்படி. இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்விறாந்தையால் வந்தவர், திரையில் பெண்ணின் முகத்தைக் கண்டதும் குனிந்து தவழாத குறையாக அடுப்படிப் பக்கம் குசினிக்குள் போய்விட்டார்.

அந்த அம்மா முதலில் வெயிலைப் பற்றிக் கேட்டார். பிறகு பனியைப் பற்றிச் சொன்னார். அங்கே முருங்கைக்காய் விற்கிற விலையைச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றேன். நான் சொல்லவேண்டிய பொய்யை ஆயத்தமாக வைத்திருந்தேன். அது நாடகம், அதில் நான் நடித்தேன், அவ்வளவுதான்.

“இணையத்திலை ஒரு படம் பாத்தனான்” என்றார். “அது நீங்கள்தானே?”

ஆயத்தமாக வைத்திருந்ததைச் சொல்ல வாய் திறந்தேன். வேறொன்றுதான் வந்தது.

“ஓம், நான்தான். ஆனா அதிலை எனக்குத் தும்மல். மற்றபடி எழுதியிருக்கிறது உண்மை. எனக்கு நித்திரை இல்லாமல் இருந்தது, குளிசை போடுறன். உங்களுக்குச் சங்கடமெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நாங்கள் குறை நினைக்க மாட்டம்.”

திரையில் அவர் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

“தும்மலோ?” என்றார். பிறகு சிரித்தார். மெதுவாகத் தொடங்கி, முகம் திரையை விட்டு வெளியே போகும் வரை சிரித்தார். திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்த கண்ணீர் நின்ற பிறகும் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

“எனக்கும் இல்லைத்தான்” என்றார். “நித்திரை. இவர் போன பிறகு இல்லை. மகன் வேலைக்குப் போனால் வீட்டிலை நானும் ஹீற்றரும்தான். அது போடுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பன். அவனுக்குச் சொன்னதில்லை. அவன் பாவம்.”

 நான் அவரைப் பாதாம் சாப்பிடச் சொல்லவில்லை, அது மட்டும் நிச்சயம்.

“நான் அதுக்குக் கொஞ்சம் காசு போட்டனான், பேர் போடேல்லை” என்றார். “உங்கடை அந்த வகுப்பு… அங்கை இருக்கிற ஆக்களுக்கு மட்டுமோ?”

அப்படித்தான் எங்கள் குழுவுக்கு ரொறன்ரோவில் ஒருவர் சேர்ந்தார். எங்களுக்குச் சனி பின்னேரம், அவருக்கு விடியற்காலை. எப்படியும் முழிப்புத்தான் என்றார். ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் தண்ணிப் போத்தலைச் சாத்தி, அதில் என் கைத்தொலைபேசியைச் சாத்தி, வட்டத்தில் அவருக்கு ஒரு இடம் கொடுத்தோம். கோவம் வரப்பண்ணுகிற ஆள் மாதிரி நடக்கும் பயிற்சி வந்தபோது, அவர் தன் சமையலறைக்குள் கோட்டும் தொப்பியும் போட்டு யாரையோ மாதிரி நடந்தார். யார் என்று கேட்டோம்.

“என்ரை வீட்டு மேலதிகாரி. மகன்” என்றார்.

படத்தை எடுக்கவில்லை. தலைமயிர் ஒழுங்கான படம் எதுவும் கிடைக்கவில்லை என்று ரீச்சர் சொல்லிவிட்டார். நானும் அதை விசாரிக்கப் போகவில்லை.

எங்கள் நாடகத்தில் ஒரு கிராமம் வரும். அங்கே ஒருவருக்கும் நித்திரை இல்லை, ஆனால் விடிந்தால் ஒவ்வொருவரும் மற்றவரிடம் ‘வடிவா நித்திரை கொண்டன்’ என்று சொல்வார்கள். இரவில் ஆர் ஆர் முழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது ஊர் நாய்க்கு மட்டும்தான். அந்த நாய் நான். வேலைக் காலம் முழுக்க நாய்களைப் பற்றித் தபால்காரர்கள் தந்த முறைப்பாடுகளை வாங்கி வைத்தவளுக்கு அப்படியொரு பாத்திரம் கிடைத்தது. மாதகல்காரர் ஊர்ப் பெரியவர். ரொறன்ரோ அம்மாவுக்கு வெளிநாட்டில் இருந்து தொலைபேசி எடுக்கிறவரின் பாத்திரம். நடுவில் மணி அடிக்கும். அவருடைய குரல், என்ன நடந்தாலும், “சாப்பிட்டியளோ? வடிவாச் சாப்பிட்டியளோ?” என்று மட்டும் கேட்கும்.

இந்த ஒத்திகைகளுக்கு நடுவில் பிள்ளைகள் இருவரும் தாங்களாகக் கதைத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் கதைத்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

“அவர் நல்லவர் அம்மா. ஆனா ரெண்டு பேருக்கும் கதைக்கிறதுக்கு ஒண்டும் வருகுதில்லை. அவருக்கும் அப்பிடித்தானாம்.”

தரகர் படத்தில் பழியைப் போட்டார். இன்றைக்கும் போடுகிறார். எனக்கு மகளைப் பற்றிக் கவலை வரவில்லை, சனிக்கிழமையைப் பற்றித்தான் வந்தது. இனி அந்த அம்மா வருவாரா? எந்த முகத்தோடு வருவார், நான் எந்த முகத்தோடு எடுப்பது? அன்று கதிரையை வைத்தேன், போத்தலை வைத்தேன், கைத்தொலைபேசியைச் சாத்திவிட்டு, அவரை அழைக்காமல் நின்றேன். அது தானாக அடித்தது.

“பிள்ளையள் கிடக்கட்டும்” என்றார் முகம் தெரிந்ததும். “இண்டைக்கு என்ன பயிற்சி?”

நாடகத்தை முதலில் எங்கள் ஊரிலேயே போட்டோம். சனசமூக நிலைய முற்றத்தில், வெயில் தாழ்ந்த பிறகு. கதிரைகள் போதாமல் சனம் மதிலில் ஏறி இருந்தது. மச்சாள் முன்வரிசையில். எல்லாம் நன்றாகப் போனது. தொலைபேசி மணி அடித்தது, மாதகல்காரர் எடுத்து “ஹலோ” என்றார். பதில் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது. அவர் திரும்பவும் ஹலோ என்றார். திரைக்குப் பின்னால் ரீச்சர் தலையில் கை வைத்ததைக் கண்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் நான் குரைத்தேன். குரைத்தால் எவ்வளவு நேரத்துக்குத்தான் குரைக்கலாம்? மூச்சு வாங்கி நான் நிறுத்தின நேரம் முன்வரிசையில் இருந்து மச்சாளின் குரல் வந்தது.

“சாப்பிட்டியளோ? வடிவாச் சாப்பிட்டியளோ?”

ஒத்திகையை அவர் வேலிக்கு மேலால் எத்தனை நாள் கேட்டிருந்தாரோ. நான் வீட்டு முற்றத்தில் வசனம் சொல்லிப் பார்ப்பதுண்டு. சனம் சிரித்துக் கைதட்டியது. அடுத்த முறை மணி அடித்தபோது முற்றம் முழுக்கச் சேர்ந்து கேட்டது. அன்று அந்த இடத்தில் சிரித்துக்கொண்டே சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எல்லோருக்கும் அப்படித் தொலைபேசி எடுத்துக் கேட்கிற ஒருவர் எங்கேயோ இருந்தார்.

முடிந்த பிறகு ரீச்சர் மேடைக்கு வந்து, “இதிலை ஆருக்காவது நித்திரைக் கரைச்சல் இருக்கோ?” என்று கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. பிளேன்ரீயும் வடையும் கொடுக்கத் தொடங்கினதும் ஆலோசகரைச் சுற்றி ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்கும் எதுவும் இல்லை. ஒருவரின் சிநேகிதிக்கு, இன்னொருவரின் மைத்துனருக்கு, வேறொருவரின் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தானாம் கரைச்சல். சனசமூக நிலையத் தலைவர் கடைசி வரை காத்திருந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரைப் பற்றிக் கேட்டார். ஆலோசகர் முகத்தில் எதுவும் காட்டாமல், அந்த அதிபரைச் சனிக்கிழமை வரச் சொன்னார். வந்தார்.

மச்சாள் இன்னும் குழுவுக்கு வரவில்லை. ஆனால் நாடகம் வேறு ஊர்களுக்குப் போகிறபோது எங்கள் வான் வண்டியில் ஏறிவிடுவார். “இணைப்பு அறுந்தால் ஆர் கேக்கிறது?” என்பார்.

போன வருடம் அந்த அம்மா ஊருக்கு வந்தார். மகனுக்கு வேறு இடத்தில் கலியாணம் ஆகியிருந்தது. என் மகள்தான், விமான நிலையத்தில் இருந்து வந்த வான் ரவுணில் நின்றபோது, அவரைச் சந்தித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். நேரில் அவர் நான் நினைத்ததைவிடக் கட்டை. நானும் அவர் நினைத்ததைவிடக் கட்டை என்று அவரும் சொன்னார். இத்தனை நாளும் கதிரையில் போத்தலில் சாய்ந்திருந்தவர் எழும்பி மண்டபத்துக்குள் நடந்து வந்தபோது எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. மாதகல்காரர் அவருக்கு வணக்கம் சொல்லத் தொடங்கி, பழக்கத்தில் “ஹலோ, கேக்குதோ?” என்றார்.

நான் நன்றாகிவிட்டேன் என்று சொல்லமுடியாது. குளிசை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. சில கிழமை நித்திரை வரும், சில கிழமை வராது. அந்த அம்மாவுக்கும் அப்படித்தான். ஆனால் இப்போது அது எங்களுக்குக் காலநிலையைப் போல ஒரு கதை. ‘அங்கை எப்பிடி?’ ‘இஞ்சை மூண்டு நாளாய் மோசம்.’

அவர் போகிறதுக்கு முதல் நாள் பின்னேரம் இருவரும் தோட்டத்து வரம்பில் இருந்தோம். இவர் கரட்டுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கண்டு இப்போது இவர் குசினிக்குள் ஒளிப்பதில்லை, சாரத்தை மட்டும் இறக்கி விடுவார்.

“உங்கடை மகளை நான் எடுத்திருந்தால் நாங்கள் இவ்வளவு கதைச்சிருக்க மாட்டம்” என்றார் அவர்.

“சம்பந்தியளெண்டால் எப்பிடிக் கதைக்கிறது? ஒவ்வொரு சொல்லையும் பாத்து வைக்கவேணும்.”

“நான் உங்களைப் பற்றி என்ரை மகனுக்கு முறைப்பாடு சொல்லிக்கொண்டு இருந்திருப்பன்.”

“நானும் மகளுக்கு ஏத்திக் குடுத்திருப்பன்.”

இவர் ஒரு பிடி கரட்டைப் பிடுங்கி, வாய்க்கால் தண்ணியில் அலசிக்கொண்டு வந்து கொடுத்தார். விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அவர் சொன்னார். கொண்டுபோகத் தரவில்லை, இப்போது சாப்பிடத்தான் என்றார் இவர். அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. பச்சைக் கரட்டைக் கடித்துக்கொண்டு, இவர் மற்ற வாய்க்காலைத் திறந்துவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.